சட்டம் கேட்காத கேள்வி

வேளாங்கண்ணிக்குச் சென்று வந்தவர்கள் அத்தொட்டில்களை மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சள் கயிற்றில் கட்டப்பட்டுக் காற்றில் ஆடும் சின்னஞ்சிறு மரத்தொட்டில்கள் அவை. ஒவ்வொரு தொட்டிலின் பின்னும் ஒரு கணவனும் மனைவியும், அவர்கள் ஆண்டுக்கணக்கில் சிந்திய கண்ணீரும் உண்டு. அன்னையின் திருமுன் தொட்டிலைக் கட்டியவர்கள் ஊர் திரும்பிய பின் இன்று மற்றொரு வாயிலையும் தட்டுகிறார்கள். அது கருத்தரிப்பு மையத்தின் வாயில். அங்கே சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்ற பின்னர், ஒரு நாள் அவர்களிடம் சொல்லப்படுகிறது: "இனி வாடகைத் தாய்தான் வழி. சட்டமும் இடம் கொடுக்கிறது."

'சட்டமும் இடம் கொடுக்கிறது' என்னும் இச்சொற்களைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம். ஏனெனில், நம் விசுவாசக் குடும்பங்கள் சிலவற்றிலும் இச்சொற்கள் இறுதித் தீர்ப்பாக ஏற்கப்படுவதை நாம் காண்கிறோம். சட்டம் அனுமதித்துவிட்டால் மனச்சான்றின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை என்பதே நம் வாதம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பிள்ளையில்லாத் தம்பதியரைப் பழிப்பதற்காக நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. அவர்களுடைய ஏக்கம் பாவமன்று. அது இறைவனே மனித உள்ளத்தில் விதைத்த ஏக்கம். இம்முறையால் பிறந்த குழந்தையும் இறைச்சாயலைத் தாங்கிய குழந்தையே. அதன் பிறப்பு முறையைச் சொல்லித் திருமுழுக்குத் தொட்டியருகே முகஞ்சுளிப்பவர் எவராயினும் அவர் கிறிஸ்துவின் மனத்தை அறியாதவர். நமது வழக்கு அந்தக் கண்ணீரோடும் அன்று, அந்தக் குழந்தையோடும் அன்று. ஒரு பெண்ணின் கருவறையைப் பிறருடைய தேவைக்குரிய இடமாக மாற்றும் ஏற்பாட்டோடுதான் நமது வழக்கு.

இந்த ஏற்பாடு நம் நாட்டில் எவ்வாறு வேரூன்றியது என்பதை எண்ணிப் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சில வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மீறினால் தண்டிக்கச் சட்டம் ஏதும் இல்லை. குஜராத்தின் ஆனந்த் நகரம் பால் கூட்டுறவுக்குப் பெயர்பெற்றது. அதே நகரம் வாடகைத் தாய்மாருக்கும் உலகப்புகழ் பெற்றது. கருவுற்ற ஏழைப் பெண்கள் தம் வீட்டையும் பிள்ளைகளையும் பிரிந்து விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். அயல்நாட்டவர் விமானத்தில் வந்து குழந்தையைப் பெற்றுச் சென்றனர்.

2008-இல் அந்நகரில் பிறந்த ஒரு பெண்குழந்தையின் கதை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அக்குழந்தைக்காக ஏற்பாடு செய்த ஜப்பானியத் தம்பதியர், அது பிறப்பதற்கு முன்னரே மணமுறிவு பெற்றுவிட்டனர். மனைவியாயிருந்தவர் குழந்தையை ஏற்கவில்லை. கருமுட்டை தந்தவள் யாரென்று தெரியாது. சுமந்து பெற்றவளுக்கோ ஒப்பந்தம் முடிந்துவிட்டது. தாய் என்று சொல்லத்தக்கவர் மூவர் இருந்தும், அள்ளியெடுக்க ஒரு தாயும் இல்லாத நிலை! எந்த நாட்டுக் குடிமகள் என்றும் தெரியாமல் அந்தச் சிசு தவித்தது. முதிய பாட்டி ஒருவர் கடல் கடந்து வந்து காத்திருந்து அதனை அழைத்துச் சென்றார்.

2015 நவம்பரில் அயல்நாட்டவருக்கு இவ்வாயில் அடைக்கப்பட்டது. பின்னர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நாள் 2021 டிசம்பர் 25. மனுமகன் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்ததை நாம் கொண்டாடும் அதே நாள்! 2022 சனவரி 25 முதல் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டத்தின் வாயிலில் நிற்கும் தம்பதியர் எந்தெந்தக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்? அவர்கள் சட்டப்படி மணமானவர்களாக இருத்தல் வேண்டும். மனைவிக்கு வயது 23 முதல் 50-க்குள். கணவனுக்கு 26 முதல் 55-க்குள். பெற்ற பிள்ளையோ தத்தெடுத்த பிள்ளையோ உயிருடன் இருத்தல் கூடாது. மருத்துவக் காரணம் உண்டென்று மாவட்ட மருத்துவ வாரியம் சான்றளிக்க வேண்டும். பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார் என்பது குறித்து நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும். சுமக்கும் பெண்ணுக்கு 36 மாதக் காப்பீடு எடுக்க வேண்டும். தனித்து வாழ்பவருள் கைம்பெண்ணும் மணமுறிவு பெற்ற பெண்ணும் மட்டுமே, அதுவும் 35 முதல் 45 வயதிற்குள், விண்ணப்பிக்கலாம்.

சுமக்கும் பெண்ணுக்கும் விதிகள் உண்டு. அவளுக்கு 25 முதல் 35 வயது இருத்தல் வேண்டும். அவள் மணமானவளாகவும், தனக்கென ஒரு பிள்ளையைப் பெற்றவளாகவும் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் இவ்வாறு சுமக்கலாம். அவளுடைய கருமுட்டையைப் பயன்படுத்தலாகாது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிக்கப்பட்ட பிற செலவுகள் ஆகியவை தவிர ஒரு காசும் அவளுக்குக் கொடுக்கலாகாது. வணிக நோக்கில் இதனை நடத்துவோருக்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்துப் பெற முனையும் தம்பதியருக்கும் முதற்குற்றத்திற்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

விதிகளும் நிலையாக நிற்கவில்லை. பிறருடைய கருமுட்டையையோ விந்தணுவையோ பயன்படுத்தலாகாது என்று 2023 மார்ச்சில் விதி திருத்தப்பட்டது; மருத்துவ வாரியம் சான்றளித்தால் ஒருவருடையதை மட்டும் பிறரிடமிருந்து பெறலாம் என்று 2024 பிப்ரவரியில் மீண்டும் திருத்தப்பட்டது. சட்டம் வருமுன்னரே கருக்களை உறையவைத்துக் காத்திருந்த தம்பதியருக்கு வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழைய சந்தையைவிட இச்சட்டம் மேலானது என்பதை நாம் மறுக்கவில்லை. பிறக்கும் குழந்தைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய எல்லா உரிமைகளையும் அது வழங்குகிறது. குழந்தையைக் கைவிடுவதையும், ஆணா பெண்ணா என்று தேர்வதையும் அது தடுக்கிறது. ஆயினும், இத்தனை கேள்விகளைக் கேட்ட சட்டம் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்தப் பெண் ஏன் சம்மதித்தாள்?

அவளுக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்து வடிவில் சம்மதம் பெற வேண்டும் என்கிறது சட்டம். நன்று. ஆனால் நம் குடும்பங்களை நாம் அறிவோமே! கடன்பட்ட தம்பியின் மனைவியிடம் வசதியான அண்ணன் கேட்டால் அவள் மறுப்பாளா? பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய உறவினருக்கு 'முடியாது' என்று சொல்லும் துணிவு அந்தப் பிள்ளையின் தாய்க்கு உண்டா? மாமியார் கண்ணைக் காட்டினால் மருமகளின் சம்மதம் எத்தகையது? 2019-இல் வந்த மசோதா நெருங்கிய உறவினள் மட்டுமே சுமக்கலாம் என்றது; நிறைவேறிய சட்டம் விருப்பமுள்ள எந்தப் பெண்ணும் சுமக்கலாம் என்கிறது. உறவினளானால் குடும்பத்தின் அழுத்தம். அயலாளானால் வறுமையின் அழுத்தம். கைந்நாட்டும் கையெழுத்தும் விருப்பத்தின் சான்றாகிவிடுமா? கருவைக் கருப்பையில் வைக்கும் முன்னர் அவள் மனம் மாறலாம் என்று சட்டம் சொல்கிறது. வைத்த பின்னர் மனம் கலங்கினால் அவள் யாரிடம் போவாள்?

'தன்னலமற்ற சேவை' என்று சட்டம் இதனைச் சிறப்பிக்கிறது. இந்த ஏற்பாட்டில் யார் யாருக்குப் பணம் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவருக்குக் கட்டணம் உண்டு. மையத்திற்கு இலாபம் உண்டு. வழக்குரைஞருக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் வருமானம் உண்டு. ஒன்பது மாதம் உயிரைப் பணயம் வைத்துச் சுமக்கிறாளே, அவளிடம் மட்டும் தன்னலமின்மை எதிர்பார்க்கப்படுகிறது! அப்படியானால் அவளுக்கும் கூலி கொடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது; கூலி கொடுத்தால் அது குழந்தையின் விலையாகிவிடும். கூலி கொடுத்தால் விற்பனை, கொடாவிட்டால் சுரண்டல். நீதியான மூன்றாம் வழி இதில் இல்லை. வழி இல்லாதது சட்டம் எழுதியவர்களின் திறமைக் குறைவால் அன்று. ஏற்பாட்டின் இயல்பே அத்தகையது.

அவளுடைய பிள்ளைகளையும் நினைவுகூர்வோம். அவள் ஏற்கெனவே தாயாயிருத்தல் வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. அப்படியானால் அவள் வீட்டில் நான்கு வயதோ ஆறு வயதோ நிறைந்த ஒரு பிள்ளை இருக்கிறது. அது அம்மாவின் வயிறு வளர்வதைக் காண்கிறது. தம்பி வருவான், தங்கை வருவாள் என்று காத்திருக்கிறது. அம்மா மருத்துவமனைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறாள். 'பாப்பா எங்கே?' என்று அது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? 'கொடுத்துவிட்டோம்' என்றால், 'என்னையும் கொடுப்பாயா?' என்று அது கேட்காதா?

சட்டத்தின் மற்றொரு பகுதியையும் நாம் மௌனமாய்க் கடந்துபோக இயலாது. உயிருடன் பிள்ளை இருந்தால் விண்ணப்பிக்கலாகாது என்று சொல்லும் அதே விதி ஒரு விலக்கும் அளிக்கிறது. இருக்கும் பிள்ளை உடலாலோ உள்ளத்தாலோ குறைபாடுள்ளதாயின், அல்லது தீராத நோய்வாய்ப்பட்டதாயின், விண்ணப்பிக்கலாம்! அப்படியானால் மனவளர்ச்சி குன்றிய குழந்தை பிள்ளைக்கணக்கில் சேராதா? இரக்கத்தின் பெயரால் எழுதப்பட்ட இவ்வரி, எந்தக் குழந்தை முழுக் குழந்தை, எது அன்று என்று தரம் பிரிக்கிறது. இத்தகைய பிள்ளைகளை மார்போடு அணைத்து வளர்க்கும் பெற்றோர் நம் பங்குகளில் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் இவ்வரியைப் படித்தால் என்ன நினைப்பார்கள்?

இனி, கருக்களின் நிலை என்ன? ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் எல்லாக் கருக்களும் கருப்பையை அடைவதில்லை. எஞ்சியவை உறைநிலையில் வைக்கப்படுகின்றன. 2021-இன் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி பத்தாண்டு வரை அவற்றை வைத்திருக்கலாம்; பின்னர் அழியவிடலாம், அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். கருமுட்டைச் சந்தையின் கொடுமைக்கு நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுத்து விற்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது தமிழகமே அதிர்ந்தது. கருமுட்டை தருபவளுக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே என்று சட்டம் அதற்கு முன்னரே சொல்லியிருந்தது.

திருச்சபை இதனை இன்று நேற்று எதிர்க்கவில்லை. 1987-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'உயிரின் கொடை' என்னும் போதனை, பிறர் வயிற்றில் பிள்ளை பெறும் முறை தாய்மையின் கடமைக்கும் குழந்தையின் மாண்புக்கும் ஒவ்வாதது என்று தெளிவுபடுத்தியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 சனவரியில் அரசுத் தூதர்களிடம் உரையாற்றுகையில் இம்முறையை உலகெங்கும் தடைசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 'எல்லையற்ற மாண்பு' என்னும் ஏடு, குழந்தையின் மாண்போடு சுமக்கும் பெண்ணின் மாண்பையும் இது காயப்படுத்துகிறது என்று எடுத்துரைத்தது. குழந்தை என்பது கொடை. எவரும் உரிமை கோரிப் பெறும் பொருளன்று. இதுவே அப்போதனைகளின் சாரம்.

"சிறுநீரகத்தைத் தானம் செய்தால் பாராட்டுகிறீர்கள், ஓர் அக்காள் தன் தங்கைக்காக அன்பினால் சுமந்தால் மட்டும் குற்றமா?" என்று கேட்போர் உண்டு. அந்த அக்காளின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் சிறுநீரகம் அவளுடையது. அதை அவள் கொடுக்கலாம். குழந்தை எவருடைய உடைமையும் அன்று. அதைக் கொடுக்க அவளுக்கோ, கேட்க தங்கைக்கோ உரிமையில்லை. ஒன்பது மாதம் கேட்டுப் பழகிய குரலினின்று ஒரு குழந்தையைப் பிரிப்பதென்று அது கருவாகும் முன்னரே திட்டமிடுகிறோம். தாயை இழந்த குழந்தையைத் தேற்றுவது வேறு. தாயை இழக்கும்படியே குழந்தையை உருவாக்குவது வேறு.

"விவிலியத்திலேயே சாராய் செய்தாரே?" என்பது மற்றொரு கேள்வி. ஆம், செய்தார். பிள்ளையில்லாத சாராய் தம் எகிப்தியப் பணிப்பெண்ணை ஆபிராமிடம் கொடுத்தார். தொடக்கநூலின் 16-ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படியுங்கள். சாராயும் ஆபிராமும் பேசும் இடங்களில் அவள் வெறும் பணிப்பெண்தான். அவர்கள் வாயில் அவளுக்குப் பெயரில்லை. அவள் கருவுற்றதும் அவ்வீட்டில் பொறாமையும் கொடுமையும் புகுந்தன. அவள் பாலைவனத்துக்கு ஓடினாள். அங்கே நீரூற்றருகே அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் ஆண்டவரின் தூதர். ஆகார்! எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று அவளைக் கேட்டவரும் அவரே. தன்னைக் காண்கின்ற இறைவன் என்று அவள் ஆண்டவருக்குப் பெயரிட்டாள். இக்கதையைத் தம் பக்கம் சாட்சிக்கு அழைப்போர் அதை முழுமையாகப் படிக்கவில்லை என்றே நாம் சொல்வோம். பிள்ளை வேண்டியவர்கள் காணாத பெண்ணை இறைவன் கண்டார் என்பதே அதன் செய்தி. சட்டம் கேட்காத கேள்வியை அவரே கேட்டார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழுதுகோலை மூடிவிட்டால் நாம் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். மீதிப் பாதி நம்மைப் பற்றியது. இத்தம்பதியரை அந்த வாயில்வரை விரட்டியது யார்? திருமணமான ஆறாம் மாதமே 'விசேஷம் ஒன்றுமில்லையா?' என்று கோயில் வாசலில் கேட்டவர்கள் யார்? வளைகாப்புக்கு அழைக்காமல் அவளை ஒதுக்கியது யார்? கெபியருகே நின்று 'என்ன பாவமோ' என்று முணுமுணுத்தவர்கள் நம் சபைகளின் உறுப்பினர்கள் அல்லவா? மறையுரையில் இம்முறையைக் கண்டிப்பது எளிது. அந்த மறையுரையைக் கேட்டுத் தலைகுனிந்து அமர்ந்திருந்த தம்பதியரின் வீட்டுக்கு அதன் பின் எத்தனை பேர் சென்றோம்? எல்கானாவின் வீட்டில் அன்னாவைச் சீண்டிய பெனின்னாவும், அவள் மன்றாட்டைக் குடிவெறியென்று நினைத்த குரு ஏலியும் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். பிள்ளையின்மையை வசையாக்கிவிட்டு, அவ்வசைக்கு அஞ்சி ஓடுவோரைக் குற்றவாளியாக்குவது எவ்வகை நீதி?

திறந்திருக்கும் மற்றொரு வாயிலையும் நாம் அவர்களுக்குக் காட்டவில்லை. கிறிஸ்தவர் தத்தெடுக்கச் சட்டம் இல்லை என்று இன்றும் நம்மவர் பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 1956-இன் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு உரியது. நமக்கு 1890-இன் காப்பாளர் சட்டமே கிடைத்தது. அதன்படி நாம் காப்பாளராகலாம், பெற்றோராக இயலாது. 2000-ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டமும், 2006-இல் வந்த அதன் திருத்தமும் அந்நிலையை மாற்றின. எம்மதத்தவரும் அச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இப்போது நடைமுறையில் உள்ள 2015-இன் சட்டப்படி தத்துப்பிள்ளை எல்லா உரிமைகளோடும் முழுமையாக நம் பிள்ளை. நடுவண் தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டாண்டேனும் நிலையான மணவாழ்வு வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார். 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தத்தெடுப்பு ஆணை வழங்குகிறார். மருத்துவமனையிலோ இல்லத்திலோ நேரடியாகக் கைமாற்றிப் பெறுவது குற்றம் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இவ்வழியும் எளிதன்று. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதற்கு நாமும் ஒரு காரணம் அல்லவா? பச்சிளங்குழந்தை வேண்டும், நிறமும் நலமும் பார்த்து வேண்டும் என்று எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். வளர்ந்த பிள்ளையும் நோயுள்ள பிள்ளையும் வேறொரு வரிசையில் தனியே காத்திருக்கிறார்கள். 'எவர் இரத்தமோ' என்று தயங்கும் நம் குடும்பங்கள், புனித வளனார் எந்த இரத்த உறவால் இயேசுவுக்குத் தந்தையானார் என்று எண்ணிப் பார்க்கட்டும். தத்தெடுக்கும் அழைப்பு எல்லாருக்கும் இல்லை என்பதும் உண்மையே. பிள்ளையின்றியே வாழும் தம்பதியரின் இல்லறமும் குறையற்ற அருள்சாதனம்தான். அதை நாம் வாயால் சொன்னால் போதாது. அவர்களை நம் விழாக்களில் முன்வரிசையில் அமர்த்திக் காட்ட வேண்டும்.

நம் தமிழகத்தில் மற்றொரு வகைத் தொட்டிலும் உண்டு. பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலம் மாவட்டத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 'கொல்லாதீர்கள், இங்கே விட்டுச் செல்லுங்கள்' என்று வைக்கப்பட்ட தொட்டில் அது. அங்கே விடப்பட்டவை பெரும்பாலும் பெண்குழந்தைகளே. வேளாங்கண்ணியில் குழந்தையைக் கேட்டு ஒரு தொட்டில் ஆடுகிறது. பெற்றோரைக் கேட்டு வேறொரு தொட்டிலில் குழந்தை அழுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பது திருச்சபையின் பணி இல்லையென்றால் வேறு யாருடைய பணி? ஒவ்வொரு மறைமாவட்டக் குடும்ப நலப் பணிக்குழுவும் தத்தெடுப்பு வழிமுறைகளை விளக்க ஆண்டுக்கொரு நாளையேனும் ஒதுக்கட்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுவோர் பிள்ளையின்மையைப் பற்றியும் பேசட்டும். தத்துப்பிள்ளையின் திருமுழுக்கைப் பங்கே கூடிக் கொண்டாடட்டும்.

சட்டத்தின் வாயிலில் நிற்கும் சகோதரனே, சகோதரியே, உங்களைத் தீர்ப்பிட நாம் யார்? விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை நினையுங்கள் என்றே வேண்டுகிறோம். அவள் பெயர் என்ன? எங்கிருந்து வருகிறாள்? பிள்ளையைக் கொடுத்துவிட்டு எங்கே போவாள்? உங்களிடம் இவ்வேண்டுகோளை வைக்கும் தகுதியை நாம் பெற வேண்டுமானால், வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எவரோடும் பேசாமல் பின்வாசல் வழியே வெளியேறும் உங்களைத் தேடி நாம் வந்தாக வேண்டும்.